கலர் வேற, நம்பர் வேற

காட்டிலாகா மேல் எனக்கு எந்தப் பிரியமும் கிடையாது. பறவைகள் மேலும் அப்போது கிடையாது. எனக்கு வேண்டியிருந்தது ஞாயிற்றுக்கிழமை. அது கிடைக்கும் என்றால் ஆரணிக் கோட்டை அகழியில் இறங்கித் தவளைகளை எண்ணவும் நான் தயாராக இருந்தேன். நல்லவேளை, யாரும் அதைக் கேட்கவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. பி.யூ.சி.யோடு படிப்பு நின்றுபோய், அப்பாவின் பட்டுக் கடையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். கடை என்றால் தனிக் கடை இல்லை, எங்கள் வீட்டு முன்கூடம்தான். இருபது தறிகளுக்கு அப்பா பட்டும் ஜரிகையும் கொடுப்பார். நெய்து வரும் புடவைகள் கூடத்து அலமாரியில் அடுக்கப்படும். ஒவ்வொரு புடவையின் மூலையிலும் ஒரு துண்டுச் சீட்டு தைத்திருக்கும். அதில் நம்பர், உடல் நிறம், பார்டர் நிறம், முந்தி நிறம். அதை எழுதுவது பன்னிரண்டு வயதிலிருந்து என் வேலை.

கல்யாண ஜவுளி எடுக்க சேத்துப்பட்டிலிருந்தும் போளூரிலிருந்தும் ஜனங்கள் வருவது ஞாயிற்றுக்கிழமையில்தான். ஒரு புடவைக்குப் பன்னிரண்டு பேர் வருவார்கள். பன்னிரண்டு பேரும் வெவ்வேறு நிறம் சொல்வார்கள். பன்னிரண்டு பேருக்கும் காபி. அது முடிவதற்குள் அடுத்த கூட்டம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும். ஆக, ஊருக்கெல்லாம் ஞாயிறு வந்தது, எங்கள் வீட்டுக்கு மட்டும் வாரத்தில் இரண்டு திங்கட்கிழமை வந்தது. அம்மா அடுப்படியை விட்டு நகர மாட்டாள். நான் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே தட்டைத் தூக்கிக்கொண்டு தறியில் ஓடுகிற நாடா மாதிரி போய் வந்துகொண்டிருப்பேன்.

அப்படி ஒரு ஞாயிறு, மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க காட்டிலாகா ரேஞ்சர் ஒருவர் வந்தார். புடவையைப் பார்த்ததைவிடச் சீட்டை அதிகம் பார்த்தார்.

"யாரு எழுத்துங்க இது? அச்சடிச்ச மாதிரி கீதே."

"நம்ம பொண்ணுதாங்க," என்றார் அப்பா. நான் இன்னும் கல்யாணமாகாதவள் என்கிற தகவலும் அந்தத் தொனியிலேயே இருந்தது.

ரேஞ்சருக்கு மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்திருந்தது. கண்ணமங்கலம் போகிற வழியில் இருக்கும் காப்புக்காட்டில் என்னென்ன செடி, கொடி, மரம், பறவை, மிருகம் இருக்கிறது என்று ஒரு லிஸ்ட் தயாரிக்க வேண்டும். அதற்கு ஆள் கிடையாது, ஊர் மக்களிலிருந்து தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்ளவும் என்று எழுதியிருந்தது. அந்த வார்த்தையை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். எழுதுவதற்கு ஒரு நல்ல கை வேண்டும் என்று ரேஞ்சர் சொல்லி முடிப்பதற்குள் அப்பா தலையாட்டிவிட்டார். கவர்ன்மெண்ட் என்ற சொல்லைக் கேட்டால் அவருக்குத் தலை தானாக ஆடும். பெண் கேட்டு வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்ளவும் உதவும் அல்லவா!

அன்று இரவே நிபந்தனைகள் வந்துவிட்டன. ஒன்று, எங்களுக்குச் சாயம் போட்டுத் தருகிற அண்ணனோடுதான் போக வேண்டும். இரண்டு, மதியம் இரண்டு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். மூன்று, "லிஸ்ட்டு முடியற வரைக்கும்தான். முடிஞ்சதுக்கு அப்புறம் காடு மலைன்னு பேச்சே இருக்கக் கூடாது." முதல் இரண்டும் எனக்குப் பிரச்சினையாகவே படவில்லை. மூன்றாவதைக் கேட்டதும், ஒரு காட்டை எழுதி முடிக்க எத்தனை ஞாயிறு ஆகும் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன்.

தன்னார்வலர்கள் மொத்தம் மூன்று பேர். நான் வந்த காரணத்தைச் சொல்லிவிட்டேன். மற்ற இருவரும் என்னைவிட உத்தமர்கள் இல்லை. சாயக்கார அண்ணனுக்கு ஞாயிறு பட்டறை லீவு. வீட்டில் இருந்தால் அண்ணி கிணற்றில் தண்ணீர் சேந்தச் சொல்வாள் என்பதால் வந்தார். நாற்பத்தைந்து வயது, முழங்கை வரைக்கும் எப்போதும் ஏதாவது ஒரு நிறம். இரண்டு சிவப்புக்கு நடுவே மூன்று சிவப்பு உண்டு என்று சாதிப்பார், தொட்டியில் போட்டுக் காட்டவும் செய்வார். மூன்றாமவர் ஒரு பேங்க் கிளார்க். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பிரம்மச்சாரி, லாட்ஜில் தங்கியிருந்தார். ஊரிலேயே அவரிடம் மட்டும்தான் பைனாகுலர் இருந்தது. அதில் ஒரு கண்ணாடி பூஞ்சை பிடித்துப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருடைய மெஸ்ஸுக்கு விடுமுறை. என் அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்று டப்பாவை முதல் வாரம் அவர் பார்த்த பார்வையில் இயற்கை ஆர்வம் எல்லாம் தெளிவாகப் புரிந்துவிட்டது.

காலை முதல் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, அரை மைல் நடந்தால் காப்புக்காட்டுக் கேட். வாச்சர் பீடியை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டைத் திறந்துவிட்டு, "பாம்பு கீது, பாத்துப் போங்க," என்பார். பாம்பு இருக்கிறது என்பதை அவரே எழுதிக் கொடுத்திருந்தால் எங்களுக்கு ஒரு நம்பர் மிச்சமாகியிருக்கும்.

முதல் நாள் முதல் பறவை ஒரு பாறைமேல் வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. பெயர் தெரியாவிட்டால் அடையாளம் எழுதுங்கள் என்று ரேஞ்சர் சொல்லியிருந்தார். அண்ணன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"எழுதிக்க பாப்பா. உடல் கருப்பு, லேசா நீலம் ஓடுது. தோள்ல வெள்ளைக் கோடு. வாலுக்கு அடியில அரக்கு."

நம்பர் ஒன்று என்று எழுதினேன். இரண்டு நிமிஷத்தில் பக்கத்துப் பாறையில் அதே மாதிரி இன்னொன்று வந்து உட்கார்ந்தது. அதே அளவு, அதே வால் தூக்கல். நிறம் மட்டும் காபிப்பொடி.

"இதுவும் அதுதானோ?" என்றார் பேங்க்காரர்.

"எப்படி சார் ஆவும்? கலர் வேற. கலர் வேறன்னா நம்பர் வேற."

நான் அதற்குள் நம்பர் இரண்டு போட்டுவிட்டிருந்தேன். யோசிக்கவே இல்லை. எங்கள் கூடத்தில் அதுதான் சட்டம். ஒரே டிசைன், ஒரே கட்டம், ஒரே தறி, ஒரே நெசவாளி. ஆனால் ஒன்றுக்குப் பச்சை பார்டர், இன்னொன்றுக்கு நீல பார்டர் என்றால் அவை இரண்டு புடவை, இரண்டு நம்பர். ஒருமுறை நான் இரண்டுக்கும் ஒரே நம்பர் போட்டுவிட்டேன். போளூர் மணப்பெண்ணுக்குப் போக வேண்டிய மாம்பழ மஞ்சள் அவள் நாத்தனாருக்குப் போய், கல்யாண வீட்டில் பெரிய பேஜாராகி, அப்பா ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கப்புறம் கடவுளே வந்து ஒரே நம்பர் போடு என்றாலும் நான் கலரைப் பார்க்காமல் போடமாட்டேன்.

அப்படியே லிஸ்ட் வளர்ந்தது. கருப்பாக ஒரு குயில், உடம்பெல்லாம் புள்ளியாக ஒரு குயில், இரண்டு நம்பர். நீள வாலோடு ஒரு வெள்ளைக் குருவி, அதே நீள வாலோடு ஒரு செங்கல் நிறக் குருவி, வாலே இல்லாமல் ஒரு செங்கல் நிறக் குருவி, மூன்று நம்பர். ஓடைக்கரையில் உண்ணிச்செடி நான்கு நிறத்தில் பூத்திருந்தது, நான்கு நம்பர். மயிலுக்கு மட்டும் அண்ணன் விதிவிலக்குக் கொடுத்தார்.

"அது முருகன் வண்டி. அத்தப் பிரிச்சு எழுதினா நமக்குத்தான் கெடுதல்."

ஆண் மயிலும் பெண் மயிலும் ஒரே நம்பரில் நிம்மதியாகக் குடித்தனம் செய்தன.

இரண்டாவது மாதம் ரேஞ்சர் வந்து நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ரொம்ப சந்தோஷப்பட்டார். லிஸ்ட் எப்போது முடியும் என்று எப்படித் தெரியும் என்று நான்தான் கேட்டேன். எனக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது.

"தொடர்ந்து நாலு ஞாயிறு புதுசா ஒண்ணும் ஆப்டலைன்னு வெச்சுக்கோங்க. அப்ப முடிஞ்சுதுன்னு அர்த்தம். நோட்ட மூடி எனக்கு அனுப்பிடுங்க."

அதை அவர் அப்பாவிடமும் சொல்லிவிட்டுத்தான் போனார். அன்றிலிருந்து அப்பா ஒவ்வொரு ஞாயிறு மதியமும் கேட்கிற முதல் கேள்வி, "புதுசா ஏதாச்சும் ஆப்டுதா?" இல்லை என்றால் காலண்டரில் அந்தத் தேதிமேல் பென்சிலால் ஒரு கோடு கிழிப்பார். ஏதாவது கிடைத்தால் பழைய கோடுகளை அழித்துவிடுவார். அந்த விஷயத்தில் மனிதர் நேர்மையானவர்தான்.

அந்த ஞாயிறுகள் எனக்கு எப்படி இருந்தன என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். சொர்க்கமாக இருந்தன. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். பாறைமேல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் கூடத்தில் ஒரு பெண் காலை நீட்டினால் லட்சுமி எழுந்து போய்விடுவாள் என்பார்கள். காட்டில் எவளும் எழுந்து போகவில்லை. யாருக்கும் பரிமாறாமல் முதல் கவளத்தை நானே சாப்பிட்டேன். ஓடையில் தண்ணீர் இருந்தால் முழங்கால் வரைக்கும் இறங்கி நின்றேன். சத்தமாகச் சிரித்தேன், என் சிரிப்பு அவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று எனக்கே அதுவரை தெரியாது. திங்கள் முதல் சனி வரைக்கும் அந்த ஐந்து மணி நேரத்தை நினைத்துக்கொண்டு சீட்டு எழுதினேன்.

ஆறு மாதம் இருக்கும். ஒரு காரைச்செடியில் கூடு ஒன்று நூலில் கட்டிய பொட்டலம் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு எதிரே ஐந்தடி தூரம். மற்ற இருவரும் ஓடைப் பக்கம் போயிருந்தார்கள். ஊதா நிறக் குருவி ஒன்று வந்து கூட்டுக்குள் தலையை விட்டது. அது எங்கள் நம்பர் முப்பத்தொன்று. உள்ளே குஞ்சுகள் கத்தின. அது போனதும் மஞ்சள் வயிற்றுக் குருவி வந்து அதே கூட்டுக்குள் தலையை விட்டது. அது நம்பர் நாற்பத்தேழு. மறுபடி முப்பத்தொன்று. மறுபடி நாற்பத்தேழு. இரண்டும் ஒரே குடும்பத்துக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தன.

நம்பர் ஒன்றும் நம்பர் இரண்டும் யார் என்று புரிந்தது. கருப்புக் குயிலும் புள்ளிக் குயிலும் யார் என்று புரிந்தது. நோட்டை எடுத்துப் புரட்டப் புரட்ட, அது லிஸ்ட்டாக இல்லாமல் கல்யாணப் பத்திரிகைக் கட்டாகத் தெரிந்தது. நூற்றுப் பத்து நம்பரில் பாதி புருஷனும் பாதி பெண்டாட்டியும். இதைச் சொன்னால் லிஸ்ட் பாதியாகிவிடும். இனிமேல் வருகிற ஜோடிகளுக்கும் ஒரே நம்பர்தான். நான்கு ஞாயிறு காலியாகப் போக நாற்பது நாள்கூட ஆகாது.

நோட்டை மூடிப் பையில் வைத்தேன். அண்ணன் திரும்பி வந்து, "இன்னா பாப்பா, ஏதாச்சும் ஆப்டுதா?" என்றார். "ஒண்ணும் இல்லண்ணா," என்றேன். பொய் எழுதவில்லை, எழுதியதை அடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன்.

கார்த்திகை மாதம் மழை ஓய்ந்தபோது கண்டம் வந்தது. மூன்று ஞாயிறு தொடர்ந்து புதிதாக ஒன்றும் இல்லை. காலண்டரில் மூன்று கோடு. நாலாவது ஞாயிறு காலையில் நான் பஸ்ஸில் வேண்டாத சாமி இல்லை. முருகன் வண்டியை ஒரே நம்பரில் போட்டதற்காவது அவர் கருணை காட்ட வேண்டும் என்று வாதாடினேன். பதினோரு மணி வரைக்கும் காட்டில் பார்த்த முகங்களாகவே வந்தன.

கிளம்பலாம் என்று எழுந்தபோது, காய்ந்த கிளை ஒன்றில் பச்சோந்தி உட்கார்ந்திருந்தது. அது எங்களுக்குப் பழைய ஆள். எண்பத்தெட்டாம் நம்பர், உடல் கிளிப்பச்சை. ஆனால் அன்று அது பச்சையாக இல்லை. சுள்ளி நிறத்தில், குறுக்கே மஞ்சள் பட்டையோடு இருந்தது.

"அண்ணா," என்றேன். "கலர் வேற."

அண்ணன் பச்சோந்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பச்சோந்தி நிறம் மாறும் என்று பால்குடிக் குழந்தைக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் ஒன்பது மாதமாகச் சொல்லிவந்த சட்டம் அவர் சொன்னது. அவர் முகத்தில் இரண்டும் மல்லுக்கட்டின.

"சாயம் மாறினா சரக்கு வேறதான்," என்றார் கடைசியில், தயங்கித் தயங்கி. "போடு நம்பர்."

போட்டேன். நாங்கள் பேசிய சத்தத்துக்கோ என்னவோ, அது எங்கள் கண்முன்னாலேயே கருத்து, உடம்பெல்லாம் புள்ளி புள்ளியாக ஆனது.

"இதுக்கும் போடணுமாண்ணா?"

"போடு," என்றார். குரலில் வீம்பு வந்துவிட்டது. "ஆரம்பிச்சாச்சு இல்ல, போடு."

பேங்க்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். அண்ணன் முன்னால் நடந்து போனதும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு ரெண்டாவது வாரமே தெரியும். ஆணும் பொண்ணும்னு. சொன்னா லிஸ்ட் முடிஞ்சிரும், உங்கம்மா புளிச்சோறும் போயிரும். நான் எதுக்கு வாயைத் திறக்கணும்?"

ஆக, எங்கள் மூவரில் அந்த லிஸ்ட்டை உண்மையாக நம்பியது அண்ணன் ஒருவர் மட்டும்தான். அன்று அது எனக்கு வேடிக்கையாகப் பட்டது. அப்பா காலண்டரில் மூன்று கோட்டையும் அழித்தார், நான் அன்றைக்கு இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

நோட்டின் நகலை ரேஞ்சர் மெட்ராஸுக்கு அனுப்பியிருந்தார். மார்கழியில் அங்கிருந்து பறவை நிபுணர் ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், கழுத்தில் நல்ல பைனாகுலர், கையில் படம் போட்ட தடிப் புத்தகம். வாச்சர் கொட்டகையில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, சிவப்புப் பென்சிலால் எங்கள் நோட்டைத் திருத்த ஆரம்பித்தார். அண்ணன் அன்றைக்கு வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கையில் இருந்த வாடாமல்லிச் சாயம் போவதற்கு எவ்வளவு தேய்த்திருந்தார் என்பது தோலைப் பார்த்தாலே தெரிந்தது.

"நம்பர் ரெண்டு, நம்பர் ஒண்ணோட பெட்டை," என்றார் மெட்ராஸ்காரர். கோடு. "பதினாலு, பன்னெண்டோட பெட்டை." கோடு. "இருபத்தொண்ணு, இருபத்திரண்டு, இருபத்தஞ்சு. மூணும் ஒண்ணுதான். வெள்ளை வயசான ஆண். இது எளசு. இது பொண்ணு." கோடு, கோடு. அவர் கேலி செய்யவில்லை. பொறுமையாக, மரியாதையாக அடித்துக்கொண்டே போனார். அண்ணன் ஒவ்வொரு கோட்டுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

பச்சோந்தியிடம் வந்ததும் பென்சில் நின்றது.

"இந்த ரெண்டும் ஒரே கிளையில, ஒரே நேரத்துல பாத்ததா எழுதியிருக்கே?"

"ஆமாங்க," என்றார் அண்ணன், நிமிர்ந்து. "என் கண்ணால பாத்தேங்க. சாயத்துல நான் தப்புப் பண்ண மாட்டேங்க."

மெட்ராஸ்காரரால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. அவர் சிரித்தார். ரேஞ்சர் சிரித்தார். ஜீப் டிரைவர் வெளியிலிருந்து எட்டிப் பார்த்து, விஷயம் என்ன என்று வாச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார். அண்ணன் யாரையும் பார்க்கவில்லை, என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, இது உனக்குத் தெரியுமா? ஆணு பொண்ணு விஷயம்?"

"தெரியாதுண்ணா," என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்காக நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். தெரியும் என்று சொல்லியிருந்தால் அவமானத்தில் எனக்கும் ஒரு பங்கு வந்திருக்கும். அவர் தனியாக நின்றிருக்க மாட்டார். அவர் வெளியே போய், எங்களுக்காகக் காத்திருக்காமல் ரோட்டுக்கு நடந்தார். அதன் பிறகும் பல வருஷம் எங்களுக்குத்தான் சாயம் போட்டார். ஆனால் என்னைப் பாப்பா என்று கூப்பிடவில்லை. "சீட்டு எழுதிட்டீங்களாம்மா?" என்பார். அந்த 'நீங்க' என்னை அறைந்த மாதிரி இருக்கும்.

மெட்ராஸ்காரர் சிரித்து முடித்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு துல்லியமாக நிறம் எழுதின நோட்டை இதுவரை பார்த்ததில்லை என்றார். அதைக் கேட்க வேண்டியவர் அப்போது பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். அடித்தது போக அறுபத்திரண்டு மிஞ்சியது. ஒவ்வொன்றையும் மறுபடி நேரில் பார்த்து, பறவை, மிருகம் என்றால் ஆண் எது, பெண் எது என்று சரிபார்த்து எழுத வேண்டும் என்று சொல்லித் தன் புத்தகத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். அறுபத்திரண்டும் மறுபடி முதலிலிருந்து! வெட்கமும் சந்தோஷமும் ஒரே நேரத்தில் வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நான் நோட்டுக்குள் குனிந்துகொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை சாயந்திரம் அப்பா காலண்டர் முன்னால் நின்றுகொண்டு சொன்னார்: "போதும். லிஸ்ட்டு முடிஞ்சுது."

"முடியலப்பா. திருப்பிப் பாக்கணும். அறுபத்திரண்டு இருக்குது."

"யார் கூட போவ? அவன் வரமாட்டேன்னுட்டான். அந்த பேங்க்காரன் கூட ஒண்டியா அனுப்பணுமா? ஊரு இன்னா பேசும்?"

அவர் சொன்னது அவருடைய கணக்கில் நியாயம்தான். அழுதால் அனுதாபம் கிடைக்காது, மாப்பிள்ளை பார்க்கிற வேலைதான் துரிதமாகும் என்று தெரிந்து, சீட்டுகளை அடுக்குவது போல நடித்தேன். அடுப்படிக் கதவு பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"நான் போறேன் அவ கூட."

அப்பா திரும்பிப் பார்த்தார். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அம்மா கோவிலுக்கும் சாவுக்கும் கல்யாணத்துக்கும் தவிர வேறெதற்கும் வெளியே போனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

"நீயா? நாளைக்கு சேத்துப்பட்டு ஆளுங்க வராங்க. காபி யாரு போடுவா?"

"பொடி டப்பா மேல் தட்டுல கீது," என்றாள் அம்மா. "பால் காலையில வரும்."

மறுநாள் முதல் பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் புளிச்சோற்று டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். வாடகை சைக்கிளில் முன்கூட்டியே வந்து, கேட்டில் பேங்க்காரர் காத்திருந்தார். புளிச்சோறு அதைச் செய்தவளோடு நடந்து வருவதைப் பார்த்து, கைகூப்பி வணக்கம் சொன்னார். பைனாகுலரை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போய்விட்டார்.

அம்மாவை நிழலில் ஒரு பாறைமேல் உட்கார வைத்தேன். எனக்குப் பயமாக இருந்தது. வெயில், முள், பாம்பு. ஒரே வாரத்தில் அலுத்துப்போய், இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. அவள் கையில் வேலை எதுவும் இல்லாமல் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கைகளை என்ன செய்வதென்று தெரியாத மாதிரி முதலில் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு அதுவும் நின்றது.

எதிர்ப் பாறையில் காபிப்பொடி நிறக் குருவி வந்து வாலைத் தூக்கியது.

"அது இன்னா?"

"அது பெட்டைம்மா. கருப்பா இருக்குமே, அதோட ஜோடி."

"அதுக்கு இன்னா நம்பரு?"

"தனியா நம்பர் கிடையாது. முன்ன போட்டிருந்தோம், அடிச்சுட்டாங்க. ஆணோட சேத்து ஒரே நம்பர்தான்."

"அதான பாத்தேன்," என்றாள் அம்மா.

ஒரு மணி நேரம் போயிருக்கும். நான் புத்தகத்தையும் நோட்டையும் மாற்றி மாற்றிப் புரட்டி, வேர்த்து விறுவிறுத்து, ஆறு நம்பரைச் சரிபார்த்து முடித்திருந்தேன். அவளை அதிக நாள் சிரமப்படுத்தப் போவதில்லை என்று காட்டிக்கொண்டால் அடுத்த வாரமும் வருவாள் என்று எனக்கு ஒரு நினைப்பு. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இன்னும் எத்தினி பாக்கி?" என்றாள்.

"ஐம்பத்தாறும்மா. கவலைப்படாத. வேகமா பாத்தா ரெண்டு மூணு மாசத்துல முடிச்சுடலாம்."

அம்மா என் மடியிலிருந்த நோட்டை எடுத்து மூடினாள். மூடித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"யாரு உன்ன அவசரப்படுத்துறா? வாரத்துக்கு ஒண்ணு பாரு போதும்," என்றாள். பிறகு காட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ஐம்பத்தாறு ஞாயித்துக்கிழமைன்னா ஒரு வருசத்துக்கு மேல வரும் இல்ல?"